பன்னிரண்டாவது அறை

இரவு இரண்டு பதினேழுக்கு
இயந்திரம் நின்றது. உலை நிற்கவில்லை.
பதினோரு வருடமாய் எரிகிற உலைக்கு
நிற்கத் தெரியாது.
கத்தரி வெட்ட வெட்ட
உருகிய கண்ணாடி, அச்சுக்குப் போக வழியில்லாமல்
சரிவில் வழுக்கி
நிலவறைத் தொட்டியில் விழுகிறது.
ஒவ்வொரு சொட்டுக்கும் தண்ணீர்
சீ என்கிறது.
ஒரு சீக்கு ஒரு பாட்டில் நட்டம்.
என்னைத்தான் சொல்கிறது.

மாலை நாலு மணிக்கு நிரலில் கை வைத்தவள் நான்.
எந்தப் பிரிவில் எத்தனை உடைசல் என்று
தனித்தனியாய்க் கணக்குக் கேட்டார் ஓத்தர்.
சின்ன மாற்றம், பத்தே வரி என்றேன்.
சேர்த்தேன். ஓடியது.
வீட்டுக்குப் போய் அவரைக் குழம்பில் ரொட்டி தொட்டுத் தின்று
தூங்கியும் விட்டேன்.

இப்போது பெட்டிக்குள் சிவப்பு விளக்கு
இமைத்துக்கொண்டே இருக்கிறது.
சாவியை இந்தப் பக்கம் திருப்பி அந்தப் பக்கம் திருப்பினேன்.
பச்சை வந்தது,
மூச்சு விடுவதற்குள் போனது.
இன்னொரு முறை திருப்பினேன், வெட்கமில்லாமல்.

வாசலில் ககேதியிலிருந்து வந்த லாரிகள் ஏழு.
அங்கே திராட்சை மிதித்தாகிவிட்டது,
பாட்டிலுக்காகக் காத்திருக்கிறார்கள்.
வாஜா கைகட்டி நிற்கிறான்.
போன மாதச் சண்டைக்குப் பிறகு
என்னோடு பேசுவதில்லை. இன்றும் பேசவில்லை.
அது இன்னும் மோசம்.

லேப்டாப்பில் பழைய நிரல் இருக்கிறது, மார்ச் மாதத்தது.
அதை இறக்கிவிட்டால் ஐந்தே நிமிடம்,
இந்தச் சத்தம் அடங்கிவிடும்.
விரல் விசைமேல் போய்விட்டது.
ஆத்திரக்காரிக்கும் புத்தி மட்டுதான்.
அதற்குள் கண் வாஜாவின் பக்கம் போனது.
மார்ச்சிலிருந்து இன்றுவரை
அவன் ராத்திரி ராத்திரியாய்
மயிரிழை மயிரிழையாய் நகர்த்தி வைத்த நேரங்கள்,
ஊதும் நொடி, திறக்கும் நொடி, காற்று நிற்கும் நொடி,
எல்லாம் அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கின்றன.
காகிதத்தில் கிடையாது. அவனுக்கே மனப்பாடம் கிடையாது.
நான் பழையதை ஊற்றினால்
அவனுடைய ஏழு மாதமும் நிலவறைக்குப் போகும்.

விரலை எடுத்தேன்.
முதலில் உள்ளே இருப்பதை அப்படியே வெளியே எடுத்தேன்,
அவன் எண்களோடு, என் தவறோடு.
நீலக் கோடு ஊர்ந்தது. சீ. சீ. சீ.

பழுதின் பெயர் நான்காம் வகை, இருபதாம் குறி.
அதாவது,
இல்லாத இடத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.
பன்னிரண்டு பிரிவுக்குப் பன்னிரண்டு அறை ஒதுக்கினேன்.
நான் ஒன்றிலிருந்து எண்ணினேன்,
அது சுழியத்திலிருந்து எண்ணிப்
பதினொன்றில் கதவைச் சாத்திக்கொண்டது.
அப்படியானால் மாலையிலிருந்து ஏன் ஓடியது?
பன்னிரண்டாம் பிரிவு வாஜா தேய்த்துத் துடைத்து வைத்திருக்கும் பிரிவு.
பத்து மணி நேரமாய் அதில் ஒரு பாட்டில்கூட உடையவில்லை.
முதல் விரிசல் விழுந்தது இரண்டு பதினேழுக்கு.
அவன் ஒழுங்கின் நிழலில் என் பிசகு
அத்தனை நேரம் படுத்திருந்தது.

எங்கே எழுதுவது என்று தெரியாதபோது
பக்கத்து இடத்தில் கிறுக்காமல்
மாட்டேன் என்று நின்றதே,
அதன் மேல் எனக்குக் கோபமில்லை.
பன்னிரண்டைப் பதின்மூன்றாக்கினேன். சுழியம் காலியாகக் கிடக்கட்டும்.

இறக்கினேன். சாவியைத் தொடுமுன்
இயந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்,
"யார் கையும் உள்ளே இல்லையே?" என்று கத்திக்கொண்டு.
"இல்லை" என்றான் வாஜா.
ஒரு மாதத்தில் அவன் சொன்ன முதல் சொல்.

பச்சை.
பச்சையாகவே இருந்தது.

அச்சுகள் ஆறிப்போயிருந்தன.
முதலில் வந்த பாட்டில்கள் எல்லாம் சுருக்கம் விழுந்து
கிழங்கு மாதிரி.
பன்னிரண்டாம் பிரிவு தன் உடைசலைத் தன் அறையில்
ஒன்று, இரண்டு, ஒன்பது என்று எழுதிக்கொண்டது.
திரையில் அதைப் பார்த்த வாஜா முகம் சுளித்தான்,
ஏதோ அவன் மானமே போனதுபோல.

விடிந்து பதிவேட்டைப் புரட்டினேன்.
அவன் கையெழுத்து, அழுத்தி எழுதியது:
நின்ற நேரம் நாற்பத்தொரு நிமிடம்.
காரணம் சியாலா.
சரிசெய்தது சியாலா.
என் நேரங்கள் அப்படியே இருக்கின்றன.

கடைசி வரி எதற்கு என்று
ஓத்தருக்குப் புரியவில்லை.
கீழே தொட்டியிலிருந்து நொறுங்கலை அள்ளி
மறுபடி உலைக்குக் கொண்டுபோகிறார்கள்.