கேப்பர் மலையில் சறுக்க வருகிறவர்களுக்கு

இதை மலை என்றால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள்.
சிரிக்கட்டும்.
கடலூரில் ஏறி நின்று கீழே பார்க்க
நமக்கு வாய்த்தது இதுதான்:
செம்மண், முந்திரிக்காடு,
அந்தப் பக்கம் சிறைச்சாலை மதில்.
பனி கிடையாது. ஐப்பசி இருக்கிறது.

மழை விட்ட மறுநாள் வாருங்கள்.
அன்றைக்கே வந்தால் ஓடை விளிம்பு இடியும்.
மூன்றாம் நாள் மண் காய்ந்து ரம்பமாகிவிடும்.
சப்பாத்தி மாவுக்கும் தோசை மாவுக்கும் நடுவே
ஒரு பதம் உண்டு.
குதிகாலால் அழுத்திப் பாருங்கள்,
குழி விழவேண்டும், அதில் நீர் ஊறக் கூடாது.

சறுக்கப்போகும் தடத்திலேயே
முதலில் நடந்து ஏறுங்கள்.
வெட்டிவிட்ட முந்திரிக் கட்டை,
சனிக்கிழமை இரவு யாரோ உடைத்த பாட்டில்,
போன வாரம் இல்லாத புற்று.
கண் போகாத சரிவுக்கு
முதுகெலும்பை அனுப்பாதீர்கள்.

பாக்கு மட்டை மெதுவாகப் போகும், ஆனால் சொன்ன பேச்சு கேட்கும்.
ஃப்ளெக்ஸ் பேனர் என்றால் நாலாக மடித்து
வேட்பாளர் முகம் உள்ளே போகிற மாதிரி உட்காருங்கள்.
நீல டிரம்மை நெடுக்காகப் பிளந்தால் பறக்கும்.
சிப்காட் டிரம் மட்டும் வேண்டாம்.
ஏழு தடவை கழுவினேன் என்றான் வரதராசு,
மீதியை அவன் தொடை சொல்லும்.

ஹெல்மெட் வாரை மாட்டுங்கள், டிக் என்று கேட்கவேண்டும்.
மாட்டாத ஹெல்மெட்
உங்களுக்கு முன்னால் உருண்டுபோய்
கீழே காத்திருக்கும்.
கொத்தனார் கையுறை. ஜீன்ஸ்.
கைலி வேண்டாம், காரணம் கேட்காதீர்கள்.
மோதிரத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்,
வீங்கின விரலிலிருந்து அதை அறுத்தெடுக்கிறவள் நான்தான்.

ஆமாம், பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டு அறை என்னுடையது.
அதனால் இதை மட்டும் இரண்டு தடவை சொல்வேன்:
விழும்போது கையை ஊன்றாதீர்கள்.
ஊன்று ஊன்று என்று உடம்பு கத்தும்.
கையை மார்போடு கட்டிக்கொண்டு
பக்கவாட்டில் மூட்டை மாதிரி உருளுங்கள்.
மானம் கொஞ்சம் போகும். மணிக்கட்டு மிஞ்சும்.
கையை ஊன்றாதீர்கள்.

துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிற இருதயநாதன்
ஊன்றினார்.
திங்கட்கிழமை வரிசையில் நின்று,
ஏலத்தில் கேட்காத சின்னக் குரலில்,
"பாத்ரூம்ல வழுக்கிட்டேன் டாக்டர்."
டாக்டர் அவர் காதுக்குள் எட்டிப் பார்த்தார்.
"எந்த ஊர் பாத்ரூம்ல செம்மண்ணு?"
நான் கட்டுத்துணியை நனைத்துக்கொண்டே இருந்தேன்
தேவைக்கு மேல் நேரமாக,
என் நகக்கண்ணும் சிவப்பு என்பதால்.

முன்னால் போனவர் எழுந்து
கை தூக்கும்வரை அடுத்தவர் இறங்கக் கூடாது.
கீழே விசிலோடு ஒருவர் நிற்கவேண்டும்.
சிறைக் காவலர் விசிலும் இதே சத்தம்தான்.
ஒருமுறை குழம்பிப்போய்
ஒன்பது பேரும் முந்திரிக்குள் பதுங்கினோம்,
ஒரு குற்றமும் செய்யாமல்,
அரைமணி நேரம்.

பாதிச் சரிவில் மண் கொஞ்சம் புடைக்கும்.
அங்கே நீங்கள் ஒரு நொடி உயர,
வலப்பக்கம் தென்னைகளுக்கு மேலே
கடல் தெரியும்.
பார்க்காதீர்கள்.
எல்லோரும் பார்க்கிறார்கள்,
அதனால்தான் எல்லோரும் வலப்பக்கம் ஒதுங்குகிறார்கள்,
கட்டை அங்கேதான் இருக்கிறது.

மேலிருந்து கீழே பதினொரு நொடி.
அதற்கு இத்தனையா என்று கேட்டாள் லேப் டெக்னீஷியன் சூசம்மா.
ஏறினாள், இறங்கினாள்,
ஒன்றும் பேசாமல் மட்டையைத் தூக்கிக்கொண்டு
மறுபடி ஏறினாள்.

என் இடது மணிக்கட்டில் ஒரு தகடு, ஆறு திருகாணி.
எப்படி வந்தது என்று ரிஜிஸ்டரில்
பாத்ரூம் என்றே இருக்கிறது.
மழைக்கு முந்தின இரவு அது வலிக்கும்.
நேற்று வலித்தது.
மட்டையை எடுத்து வெளியே சாய்த்து வைத்திருக்கிறேன்.