இருபத்தெட்டுக் குழிகள்

அட்டையில் இருபத்தொன்று வெள்ளை,
ஏழு தவிட்டு நிறம். அந்த ஏழும் வெறும் இரும்புச்சத்து.
கப்பலூர் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்த்த வாரம்
ரெண்டு வெள்ளையைத் தவறவிட்டேன்.
பிறகு விடாமல் விழுங்கினேன்
ஒன்பதாம் வாரம்வரை,
உள்ளே ஆள் வந்தது தெரியாமல்.

கயல் பிறந்தபோது மேலுதடு
மூக்குவரை பிளந்திருந்தது.

முந்தியெல்லாம் இதற்குக் கிரகணத்தைச் சொல்வார்கள்.
நிலாவைப் பாம்பு பிடித்த ராத்திரி
அரிவாள்மனையில் காய் நறுக்கினாயா என்பார்கள்.
என் நாத்தனார் விருமாயி பன்னிரண்டு படித்தவள்.
கிரகணத்தை நம்புவதில்லை.
பீரோவில் புடவைக்கடியில் கையை விட்டுக்
காலி அட்டையை எடுத்தாள்.
பொத்தலான குழிகளை
விரல் வைத்து எண்ணினாள், சத்தமாக.
வீட்டுக்காரர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே குழிகளை நான் ராத்திரி எண்ணினேன்.
எதில் போனது உதடு? பதினாலா? பதினேழா?
பாலாடையில் புகட்டப் புகட்டப்
பிளவு வழியே கழுத்துக்கு வழிந்தது பால்.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா
பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்:
"மாத்திரையாலே இல்லம்மா.
லட்சக்கணக்கான பிள்ளைகளைக் கணக்கெடுத்துப் பார்த்தாச்சு.
போட்டவளுக்கும் நூத்துக்கு ரெண்டு மூணு,
போடாதவளுக்கும் அதே ரெண்டு மூணு."
"அப்போ எதனாலே?"
"பல பிள்ளைகளுக்கு எங்களுக்கே தெரியாது."

அந்தத் தெரியாததைத் தூக்கிக்கொண்டு
கோரிப்பாளையம் தாண்டிப் பாலம்வரை நடந்தேன்.
நான் செய்த குற்றமென்றால்
எங்காவது விழுந்து கும்பிட்டு அழலாம்.
இதை எந்தக் கோயில் வாசலில் இறக்க?
கீழே வைகை. மணலில் ரெண்டு மாடு.

உதடு ஒட்டாமல் சொல்லக்கூடிய பேராகத் தேடினேன்.
அவளே அவளைக் கூப்பிட முடியவேண்டும்.
அப்படித்தான் கயல்.

தையல் பிரித்து ஏழு மாதம்.
நேற்றுத் திருமங்கலம் ஸ்டாண்டில்
உசிலம்பட்டி வண்டி தூசி கிளப்பி வளைய,
ரெண்டு உதட்டையும் ஒட்டிப் பிரித்தாள்:
"ப்ப".
வீட்டுக்காரர் தன்னைத்தான் கூப்பிட்டாள் என்கிறார்.
பஸ்ஸைத்தான் சொன்னாள்.

ஊர் வந்து இறங்கியதும் சுகாதார நிலையத்துக்குப் போனேன்.
புது அட்டை கேட்டேன்.
நர்ஸ் என் முகத்தையும் பிள்ளை முகத்தையும்
மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.
இந்தத் தடவை புடவைக்கடியில் வைக்கவில்லை.
காலண்டர் ஆணியில் மாட்டியிருக்கிறேன்.
விருமாயி வந்தால் எண்ணட்டும்.