நான்குமால்

கடலைத் தூர்த்துக் கட்டியது என்று
டாக்ஸிக்காரர் சொன்னதிலிருந்து
இவருக்கு ஒரே கவலை.
"அப்போ இந்த மண்ணுக்கு மூலப்பத்திரம் எது?
கடல் யாருக்கு எழுதிக் கொடுத்தது?"

முப்பத்தோரு வருஷம்
அருப்புக்கோட்டைப் பதிவு ஆபீஸ் வாசலில்
பத்திரம் எழுதிய கை.
தோஹாவின் கண்ணாடிக் கோபுரங்களில்
வில்லங்கம் தேடியது.

ஓட்டுநர் இல்லாத ரயிலில்
கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி வந்தார்.
இறங்கணும்னு யாரிடம் சொல்வது?
டீக்கடையில் பெஞ்சு இல்லை.
காரிலிருந்தே ஹாரன் அடிக்கிறார்கள்,
கரக் சாயா உள்ளே போகிறது,
கண்ணாடி ஏறிவிடுகிறது.
"வழி கேட்க ஆளில்லாத ஊரும் ஓர் ஊரா?"

எனக்கு
அதுதான் பிடித்திருந்தது.
யார் வீட்டம்மா என்று யாரும் கேட்கவில்லை.
எங்கே கிளம்பிட்டீங்க, கையில் என்ன பை,
சம்பந்தி வீட்டோடு பேச்சுவார்த்தை உண்டா
எதுவும் கேட்காத அகலமான நடைபாதை.
இவர் எடுத்த படங்களில் எல்லாம் நான் நிற்கிறேன்,
பின்னால் தலை வெட்டுப்பட்ட கட்டடம்.
என் படங்களில் ஆளே இல்லை.

மூன்றாம் இரவு பதினொன்றே கால்.
குறட்டை சீராக வந்த பிறகு
மூட்டுவலித் தைலத்தை மூடி வைத்துவிட்டு
செருப்பை மாட்டினேன்.
போனை வேண்டுமென்றேதான் விட்டுப்போனேன்.
துணையில்லாமல், பையில்லாமல், காரணமில்லாமல்
ராத்திரியில் நடப்பது
ஐம்பத்தாறு வயதில் முதல் தடவை.
தை மாதக் காற்று.
கட்டிப்போட்ட மரக்கலங்கள்
ஒன்றையொன்று லேசாக இடித்துக்கொண்டன.
எதிரே ஒருத்தி ஓடி வந்தாள்,
என்னைப் பார்க்காமலே ஓடிப் போனாள்.
அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

திரும்பி வரும்போது
கைப்பிடிக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்த பையன்
துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டான்:
"மேடம்... தவசி வைஃப்?"

கூண்டுக்குள்ளிருந்து காவலாளி வந்தார்.
வாக்கிடாக்கியில் என்னவோ சொன்னார்.
புரிந்தது ஒரே சொல்:
தவசி, தவசி.

சிமெண்ட் பெஞ்சில் இவர்,
லுங்கிமேல் கல்யாணக் கோட்டு,
கையில் யாரோ வாங்கித் தந்த சாயா.
திட்டப்போகிறார் என்று நின்றேன்.
"இவர் தமாங், நேபாளம், ரெண்டும் பெண் பிள்ளைங்க.
அந்தப் பையன் ஷஃபிகுல்.
அப்பா நிலத்தை அடமானம் வெச்சு வந்திருக்கான்,
காகிதத்தைப் போனில் காட்டினான்,
எழுதினவன் சரியில்லை.
நல்ல ஊர்தான் இது. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

மறுநாள் நான் கடலோரம் போனபோது
மூன்று பேர் கையசைத்தார்கள்.
ஒருவர் மணியைக் காட்டிச் சிரித்தார்.
நான் பாதியில் திரும்பிவிட்டேன்.

விமானத்தில்
டிஷ்யூ தாளை முழங்கால்மேல் விரித்து
இவர் எழுதிக்கொண்டே வந்தார்:
கடலுக்கு மேற்கு,
சாலைக்குக் கிழக்கு,
தமாங் கூண்டுக்கு வடக்கு,

பேனா நின்றது.
"நாலாவது மால் வேணுமே.
அன்னைக்கு ராத்திரி எதுவரைக்கும் போனே நீ?"

கீழே விளக்குகள்
மேகத்துக்குள் போகும்வரை பார்த்துவிட்டு
ஜன்னல் மூடியை இறக்கினேன்.
காப்பி வேண்டுமா என்று கேட்டேன்.