பக்கம் 217இல் ஒரு கட்டைவிரல்

இரவெல்லாம் சாலைக்கு உப்பிட்டவள்
காலையில் நூலகத்துக்கு வருகிறாள்.
ஐலா நீமெலா. நாற்பத்து மூன்று வயது.
மாவட்டத்துப் பனிவாரி வண்டி ஓட்டுநர்,
செவ்வாயும் வியாழனும் எங்கள் கல்லூரி மாணவி.
அவள் பூட்ஸிலிருந்து என் மேசையடியில்
ஒரு சின்ன ஏரி உருகி நிற்கிறது.
ஜன்னலுக்கு வெளியே
இன்னும் உருகாத சுப்பீரியர்.

உப்பு என்ன செய்கிறதென்று தெரிய வேண்டும், என்றாள்.
யாரை, என்றேன்.
சாலையோரக் குட்டைத் தவளைகளை.
யோசித்து, திருத்தினாள்:
முட்டைகளை.

தேடுபெட்டியில் உப்பு என்று இட்டோம்.
ரத்தக் கொதிப்பு வந்தது, கருவாடு வந்தது,
ஏதோ ஒரு சுரங்கத்தின் வேலைநிறுத்தம் வந்தது.
எட்டு லட்சம்.
தவளையைச் சேர்த்தோம். பதினோராயிரம்.
பாதிக்கு மேல், ஆய்வக மேசையில்
மின்சாரத்துக்குக் கால் உதறும் தவளைகள்.
சாலை சேர், குளிர்காலம் சேர்,
எலி நீக்கு, மனிதன் நீக்கு.
மனிதனை நீக்கிய பிறகு
அறுபத்தேழு மிஞ்சின.

நான் மட்டும் சிரித்தேன்.

சில திறந்தன. ஒன்று
நாற்பத்திரண்டு டாலர் கேட்டது,
ஒரு நாள் தங்க, லாட்ஜ் அறை மாதிரி.
கல்லூரி அடையாள எண்ணைக் கொடுத்ததும்
முனகிக்கொண்டே கதவு விட்டது.
ஆனால் எல்லாவற்றின் வாலிலும் ஒரே பெயர்:
லிண்ட்குவிஸ்ட், 1974.
ஒரே சாலை, பதினாறு குட்டைகள், ஐந்து வசந்தங்கள்.
அது மட்டும் எந்தத் திரையிலும் இல்லை.

வேறு நூலகத்திலிருந்து வரவழைக்கப் படிவம் நிரப்பினோம்.
தொகுதி எட்டு, பக்கம் 271.
நான்காம் நாள் வந்தது
சர்க்கரைவள்ளிக் கொடியின் இலைப்புள்ளி நோய்.

அன்று மதியம் சாண்ட்விச்சைப் பிரிக்காமல்
பதினைந்து அடிக்குறிப்புகளை வரிசையாய்ப் பார்த்தேன்.
யாரோ ஒருவர், 1981இல்,
217ஐ 271 என்று எழுதிவிட்டார்.
அப்புறம் வந்த பதினான்கு பேரும்
271, 271, 271.
முனைவர்கள். ஒருவர் கண்ணாலும்
அந்தப் பக்கத்தைப் பார்த்ததில்லை.
தன் வாயால் கெடுவது
தவளை மட்டும்தானா?

மறுபடி படிவம். இம்முறை வந்தது சரியான கட்டுரை,
நியூ பிரன்ஸ்விக்கில் ஒரு விவசாயக் கல்லூரியிலிருந்து,
லேசாய்ச் சாய்ந்த, சாம்பல் பூத்த நகல்.
பக்கம் 217இன் வலது ஓரத்தில்
ஒரு கட்டைவிரல்.
பிளாஸ்திரி ஒட்டிய, நகம் ஒட்ட வெட்டிய,
நிஜமான கட்டைவிரல்.
அதன் அடியில் அட்டவணையின் கடைசிக் கட்டம்:
ஒன்பதாம் குட்டை, ஐந்தாம் வசந்தம்.

ஐலா திரையில் அந்த விரலை
விலக்கப் பார்ப்பதுபோல் தொட்டாள்.
ஒன்பதாவதுதான் சாலைக்கு மிக அருகில், என்றாள்.

எழுதிக் கேட்டேன். ஓடெட் ஆர்சனோ என்பவர்
ஒரு மணி நேரத்தில் பதில் போட்டார்:
மன்னிக்கவும், விரல் என்னுடையது.
தையல் விட்ட தொகுதி, அழுத்திப் பிடிக்காவிட்டால் மூடிக்கொள்கிறது.
நீங்கள் கேட்ட இடத்தில் எண் இல்லை.
ஒரு சின்னக் கோடு.
கீழே பொடி எழுத்தில்:
சாலையை அகலப்படுத்தியதில் இக்குட்டை தூர்ந்தது.

பூஜ்யமாக இருக்கும் என்று நினைத்திருந்தோம், இருவரும்.
பூஜ்யத்தை எண்ண
ஒரு குட்டையாவது வேண்டும்.

அவள் பத்துப் பக்கங்களையும் அச்சிட்டாள்.
பக்கத்துக்குப் பத்து காசு.
அவள் நீட்டிய டாலரின் மடிப்பில்
வெள்ளையாய் ஏதோ ஒட்டியிருந்தது.
இன்றிரவு உறைமழையாம், என்றாள்.
பள்ளிப் பேருந்து ஐந்தே முக்காலுக்குக் கிளம்பும்.
மேட்டு வளைவில் போன வருஷம் ஒரு பையன்...
முடிக்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டாள்.

திரையில் எங்கள் தேடல் அப்படியே இருந்தது,
மனிதன் நீக்கு.

மேசையடி ஏரி மாலைக்குள் காய்ந்து
ஒரு வெள்ளை விளிம்பை விட்டிருந்தது.
துடைக்கிறவர் ஒன்பது மணிக்குத்தான் வருவார்.
அதுவரை அதை மிதிக்காமல்
சுற்றிச் சுற்றி நடந்தேன்.