ஃப்ரிட்ஜ் வெளிச்சம்

கெமி காகித ஆலையில் இரவு ஷிஃப்ட் முடிந்து
ஆறரைக்கு வீடு சேர்வேன்.
கோட்டைக் கழற்றுமுன் ஃப்ரிட்ஜைத் திறப்பேன்.
நின்றபடியே, கதவில் தோள் சாய்த்து,
ஒரு சாஸேஜ், அதன்மேல் கடுகு விழுது,
பெட்டியோடு வாயில் கவிழ்க்கும் பால்,
நேற்றைய பிட்சாவின் ஆறி விறைத்த விளிம்பு.
அதைச் சாப்பாடென்று நான் எண்ணியதே இல்லை.
பசிக்கு ஒரு வாய்ப்பூட்டு, அவ்வளவுதான்.

மாலையில் நான் வேறு ஆள்.
"வில்யா, கேரட்டைத் தின்னு, கண்ணுக்கு நல்லது"
என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி சொல்வேன்.
"வில்யா, பட்டாணிய ஒதுக்காத."
அவள் ஒதுக்குவதில்லை, நிறுத்தி வைப்பாள்:
தட்டின் ஓரத்தில் ஒவ்வொன்றாய்,
எங்கள் ஊரில் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் போல
ஒன்றையொன்று தொடாத தூரத்தில்.
சனேல்மா என்னைப் பார்ப்பாள்.
ஒன்றும் சொல்லமாட்டாள்.
அந்தப் பார்வை செரிக்க
எனக்கு இரண்டு நாளாகும்.

மார்ச்சில் ஒரு ஞாயிறு.
கூரைப் பனி சொட்டத் தொடங்கியிருந்தது.
பூட்ஸ் அலமாரியின் கதவைத் திறந்து
உள்ளே என் டார்ச்சை எரியவிட்டிருந்தாள் வில்யா.
அதன் முன் கரடி பொம்மையை நிறுத்தி
தலையைக் கதவில் சாய்த்து வைத்தாள்.
"இவர்தான் அப்பா" என்றாள்,
காது கிழிந்த முயலிடம்.
"சாப்பிடறார். இப்போ பேசக் கூடாது."
முயலும் போய்ப் பக்கத்தில் நின்றது.

ஜன்னலோரம் அவளுடைய குட்டி மேசை,
சுற்றிலும் நான்கு நாற்காலிகள்.
யாரும் உட்காரவில்லை.
மேசையில் உடைந்த கிரேயான்கள் மட்டும்.

மறுநாள் ஆறரைக்கு
ஃப்ரிட்ஜ் கைப்பிடிவரை போன கையைத்
திருப்பி அழைத்துக்கொண்டேன்.
கம்பு மாதிரி கறுத்த ரை கஞ்சி வைத்தேன்,
போன இலையுதிர்காலத்தில் மூவரும் பறித்து
உறையவைத்த லிங்கன்பெரி ஒரு கைப்பிடி.
எனக்குப் புளிப்பு ஆகாது.
அவள் எழுந்து வரும்வரை காத்திருந்து
எதிரே உட்கார்ந்து தின்றேன்.
கஞ்சியைப் பார்த்தாள். என் சுளித்த முகத்தையும் பார்த்தாள்.
பிறகு தன் ரொட்டிக்குத் திரும்பிவிட்டாள்.

மூன்று நாள் உட்கார்ந்தேன்.
நான்காம் நாள் நின்றேன், பொய் எதற்கு.
ஐந்தாம் நாள் மறுபடி உட்கார்ந்தேன்.
கேரட் பற்றிய சொற்பொழிவை மட்டும்
அடியோடு நிறுத்திவிட்டேன்.
வீட்டில் திடீரென்று அவ்வளவு இடம்.

ஜூலையில், துறைமுகச் சந்தையில்,
தகரக் குவளையால் அளந்து
தோலோடு ஒரு லிட்டர் பட்டாணி கொட்டினார்கள் காகிதப் பையில்.
சனேல்மாவும் நானும் பெஞ்சில் அமர்ந்து
நகத்தால் பிளந்து, பல்லால் உருவி,
கப்பல்களைப் பார்த்தபடி தின்றோம்.
"சாப்பிடுறியா?" என்று கேட்க
நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

வில்யாவின் கை பைக்குள் போனது.
ஒன்றைப் பிளந்து எண்ணினாள்: ஏழு.
ஏழும் வரிசையில் நின்றன,
காத்திருப்பதுபோல.
தின்றாள்.
அடுத்ததில் ஐந்துதான். அதில் அவளுக்குக் கோபம்.

தோல்களைக் கூடையில் போட எழுந்தேன்,
வாய் நிறையப் பட்டாணி.
கல்தரையில் ஒரு கடற்பறவை
களவெடுத்த தோலோடு நின்றுகொண்டிருந்தது.
அதனிடம்தான் சொன்னாள், விரலை நீட்டி,
"நின்னுக்கிட்டே சாப்பிடக் கூடாது."

பறவை நகரவில்லை.
நான் உட்கார்ந்தேன்.