தயக்கம் நாற்பத்தொன்று

ஹட்டன், டிக்கோயா வீதி.
மருந்துக்கடைக்கு மேலே வாடகை அறை.
ஒரு நாற்காலி, ஒரு கணினி,
கண்ணில் மாட்டும் கறுப்புப் பெட்டி.
பெட்டிக்குள் நான் கட்டிய ஊர்.

மேடில்லை, பள்ளமில்லை.
மூடுபனி போட்டுப் பார்த்தேன்,
கணினி திணறியது, எடுத்துவிட்டேன்.
நூற்றுப் பன்னிரண்டு வீடுகள், ஒரே வார்ப்பு.
இந்த முனையில் பஸ் தரிப்பிடம்,
அந்த முனையில் சிவப்புத் தபால்பெட்டி.
போக வேண்டும், திரும்பி வர வேண்டும்.
எந்த இடத்தில் மனிதருக்கு வழி குழம்புகிறது
என்பதுதான் ஆய்வு.
என்னைக் கேட்டால், எல்லா இடத்திலும்.
மல்லியப்பு சந்தியில் நின்றே
தப்பான பஸ் ஏறியவள் நான்.

இருபத்து மூன்றாம் ஆள் இருதயமேரி.
கொழுந்து நிறுத்துவிட்டு நேரே வந்திருந்தாள்,
விரல் நுனிகளில் கறை.
படிவத்தில் பெயர் எழுதினாள். வயது நாற்பத்தாறு.
முகவரிக்கு
தோட்டத்தின் பெயர், கீழ்க்கணக்கு,
பிறகு பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி
மிச்சமிருந்த கோட்டைப் பார்த்தாள்.
"இவ்வளவுதான் மிஸ்."

கொண்டையில் வார் சிக்கியது. அவிழ்த்து மாட்டினோம்.
மூச்சில் கண்ணாடி புகைந்தது, துடைத்தேன்.
முதல் புல்தரையில் நின்று
ஒரு காலைத் தூக்கிப் பார்த்தாள்.
அட்டை இல்லை அக்கா, என்றேன்.
பெட்டிக்குக் கீழே வாய் மட்டும் சிரித்தது.

பிறகு நிற்கத் தொடங்கினாள்,
வாசல் வாசலாக.
மூன்று விநாடிக்கு மேல் நின்றால்
என் நிரல் அதைத் தயக்கம் என்று எழுதும்.
தயக்கம் ஒன்று.
தயக்கம் இரண்டு.
மேலிருந்து பார்க்கும் என் திரையில்
அவள் நடந்த வழி நீலக் கோடாய் நீண்டது,
நின்ற இடமெல்லாம் சிவப்புப் பொட்டு,
அம்மை போட்ட கோடு.

சந்திகளில் மட்டும் அவள் நிற்கவேயில்லை.
திரும்பும்போது வந்த வழியை விட்டு
யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று
நான் ஒளித்துவைத்த ஒழுங்கையில் புகுந்து
குறுக்கே வந்து சேர்ந்தாள்.
தயக்கம் நாற்பத்தொன்று.
அதுவரை வந்தவர்களில் அதுவே அதிகம்.

வழி தெரியாமலா நின்னீங்க?

"வழியில என்ன இருக்கு. நம்பர் பார்த்தேன்.
கதவுக்குக் கதவு போட்டிருக்கீங்களே."

போட்டிருந்தேன்.
வெறுங்கதவு பார்க்க நன்றாயில்லை என்று
ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்தபோது.

"அறுபத்தேழுல யாரு இருக்கா?"

யாரும் இல்லை.
அந்தக் கதவுக்குப் பின்னால்
அறையே இல்லை, தரை கூட இல்லை.

"ஆளில்லாத வீட்டுக்கு நம்பரா"
என்றாள், கொண்டையை முடிந்துகொண்டே.
கோபமில்லை,
கடையில் விலை கேட்கிற குரல்.
"எங்க லயத்துல காம்பரா இருபத்து நாலு மிஸ்.
தபால் எல்லாம் ஆபீசுக்குத்தான்.
மகனுக்கு நேர்முகப் பரீட்சைக்கு லெட்டர் வந்துச்சு.
தோட்டத்துல மூணு சந்தனராஜ்.
மூணாவதா இவன் கைக்கு வந்தப்ப
பரீட்சை முடிஞ்சு ஒன்பது நாளு."
தேத்தண்ணியைக் குடித்துவிட்டு
கடைசி பஸ்ஸுக்கு இறங்கிப் போனாள்.

பேராதனையிலிருந்து பேராசிரியர் ஹேரத் பேசினார்.
நல்ல மனிதர், தமிழில் வணக்கம் சொல்லித்தான் தொடங்குவார்.
இலக்கங்கள் கவனத்தைச் சிதைக்கின்றன, எடுத்துவிடலாம்,
இருபத்து மூன்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், என்றார்.
சரிதான். அவர் இடத்தில் இருந்தால்
நானும் அதையே சொல்லியிருப்பேன்.

எல்லாவற்றையும் தெரிவுசெய். அழி.
நூற்றுப் பன்னிரண்டும் போக
ஒரு விநாடி கூட ஆகவில்லை.

இருபத்து நான்காம் ஆள் ஓட்டோ ஓட்டும் நிரோஷன்,
நேரே போனான், நேரே வந்தான்.
தயக்கம் இரண்டு. அழகான கோடு.

பங்கேற்றவர்களுக்கு ஆயிரம் ரூபாய்,
தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்பது விதி.
உறையில் இருதயமேரி என்று எழுதினேன்.
தோட்டம். கீழ்க்கணக்கு.
இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருந்தது.

ஹட்டனிலும் தபால்பெட்டி சிவப்புத்தான்.
அதன் முன்னால்
மூன்று விநாடிக்கு மேல் நின்றேன்.