திருகாணி

மரியதாஸ் கொண்டுவந்த மைலோ டின்னில்
பதினாறு கேசட்டுகள்.
ஒன்றில் மட்டும் பச்சை மையில்:
மானேஜர் பேச்சு, மூணாம் டிவிஷன், 88.
அடுத்த மாதம் பதினொன்றாம் தேதி வழக்கு.
சிடியில் வேண்டுமாம், வக்கீல் ஹர்பன்ஸ் கவுர் சொல்லிவிட்டார்.
கல்யாண வீடியோ எடுக்கிறவள்தானே நீ,
உனக்குத் தெரியாதா என்றார்.

தெரியாது.
பகாவில் வேறு யாருக்கும் தெரியாது
என்பது தெரியும்.

முதலில் அகப்பட்டது
என் மச்சான் லோரியில் கேட்கும் சின்னப் பெட்டி.
காதுக்குழாய்த் துளையிலிருந்து கணினிக்கு ஒரு ஒயர்.
பேச்சோடு மின்சாரமும் வந்தது
ம்ம்ம்ம் என்று ஒரே சுருதியில்,
எல்லாவற்றுக்கும் தலையாட்டும் கிராணி மாதிரி.

இரண்டாவது, பசார் மாலாமில் நாற்பது வெள்ளி.
இரட்டைக் கதவு, தொய்ந்த பெல்ட்.
மானேஜர் குரல் இழுத்து இழுத்துக்
கள்ளுக்கடை வாசலுக்கு வந்துவிட்டது.
மரியதாஸ் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.
பிறகு துடைத்துக்கொண்டு,
இது வேண்டாம், ஜட்ஜும் சிரிப்பார்.

மூன்றாவது சிரம்பானில், யாப்பின் கடையில்.
மூன்று ஹெட். ஒரு மூட்டை அரிசிக் கனம்.
நூல் பிடித்த மாதிரி நேர் என்று
மூடியைத் தடவிக்கொடுத்தார்.
நானூற்றைம்பது சொல்லி
முந்நூற்றெண்பதில் நின்றார்.
கமிட்டிப் பணம் இருநூறு.
மிச்சம் என் தலையில்.

வீட்டில் போட்டால்
போர்வைக்குள்ளிருந்து பேசுகிறார்கள்.
மானேஜர் மலாயில் சொல்ல
கிராணி தமிழில் சொல்கிறார்:
பால் மரத்தை அழித்தாலும்
உங்களுக்கு... ந்த வீடு உண்டு.
எந்த வீடு?
திருப்பிப் போட்டேன். வந்த வீடு.
மறுபடி. வெந்த வீடு.
முந்நூற்றெண்பது வெள்ளி கொடுத்து
ஒரு 'சொ' வாங்க முடியவில்லை.

இரவு இரண்டு மணிக்குத்தான் உறைத்தது.
பெட்டி நேர்தான்.
பதிவானபோது இருந்த பெட்டி கோணல்.
லயத்து மேசையில் ஏதோ ஒரு ரேடியோ,
யாரோ ஒருமுறை கீழே போட்டது.

ஹெட் பக்கத்தில் ஒரு திருகாணி,
மூக்குத்தித் திருகாணியைவிடக் கொஞ்சம் பெரிசு.
அதைத் தொட்டால் இனி
நேரான கேசட்டெல்லாம் இதில் மங்கும்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
கால் சுற்று. இன்னும் ஒரு மயிரிழை.

சொந்த வீடு.

கண்ணாடித் துண்டு மாதிரி அந்தச் 'சொ'.
கூடவே கொட்டியது
தகரக்கூரை மேல் மழை.

மழையை எடுத்துவிட கணினியில் வழி உண்டு.
பேச்சில்லாத இடத்தைக் கொஞ்சம் காட்டினால்
இதுதானா என்று படித்துக்கொண்டு
முழுக்கத் துடைத்துவிடும்.
துடைத்தது.
கிராணி கிணற்றுக்குள் இறங்கிவிட்டார்.
மழையைத் திரும்ப வைத்தேன்.
வைத்துக் கேட்கும்போதுதான், ஓரத்தில்,
ஒரு பொம்பளைக் குரல்:
தேதி சொல்லுங்கய்யா.
அதன்பின் டக்.
யாரோ பட்டனை அமுக்கிவிட்டார்கள்.

காலையில் மரியதாஸ் ஆறு தடவை கேட்டார்.
சாட்சிப் பட்டியலை மடிப்புப் பிரித்தார்.
எட்டுப் பேர். எட்டும் ஆம்பளை.
பாப்பம்மாவா? இல்ல, அது கரகரன்னு இருக்கும்.
பெரட்டுக்களத்தில் கங்காணியை எதிர்த்துக் கேட்ட ஒருத்தி,
ஆங், குப்பாயி மருமகள், ரங்கம்மா.
கெமாஸ் ரோட்டில் பிளாட்டில் இருக்கிறாள்.
தேநீரை அப்படியே வைத்துவிட்டு
ஹோண்டாவை உதைத்தார்.

நான் நாலு வேகத்தில் எழுதவிட்டேன்.
நாற்பத்தெட்டில் எழுதலாம், சீக்கிரம் முடியும்.
எனக்கு அவசரமில்லை.
இரண்டு பிரதி, மார்க்கர் பேனாவில் பெயர்.

மாலையில் வக்கீல் போன் செய்தார்.
தெளிவாக இருக்கிறது, நன்றி.
பின்னால் அந்த இரைச்சல், அதை அழிக்க முடியாதா?
முடியும் மேடம் என்றேன்.
அழித்தால் அவளும் போய்விடுவாள்.
யார் அவள்?

ரங்கம்மா சம்மதித்தாளா என்று
மரியதாஸ் இன்னும் வந்து சொல்லவில்லை.
யாப்பின் பெட்டி கோணலாகவே நிற்கிறது.
என் கல்யாணக் கேசட்டைப் போட்டுப் பார்த்தேன்.
நாதஸ்வரம்
போர்வைக்குள்.